எங்கள் முறை நாளில் இறைத்தவருக்கு

ஊரவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இவர், என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். படலையடியில் ஓட்டோ நிற்க, மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு தானாக நடந்துதான் உள்ளே வந்தார். வந்ததும் வராததுமாகத் தேத்தண்ணியில் சீனி காணாது என்று குறைப்பட்டார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு முன்னமே கேள்விப்பட்டவர்களும் உங்களுக்குள் இருக்கிறீர்கள். அந்தக் கதையைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

சொல்ல வேண்டியவர்கள் கனபேர். எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். அந்த இரவில் ஏன் எதற்கு என்று கேட்காமல் வண்டியைத் திருப்பிய ஓட்டோத் தம்பி. இரத்தம் தேவை என்றதும் பந்தை அப்படியே போட்டுவிட்டு, புழுதி படிந்த காற்சட்டையோடு இரத்த வங்கி வாசலில் வந்து வரிசையாக நின்ற விளையாட்டுக் கழகப் பெடியள். வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்து, தன் மகனுக்குக் கொண்டுவந்த இடியப்பத்தில் பாதியை எனக்குத் தந்த ஊர்பேர் தெரியாத தாய். இரவு கடமையில் இருந்த தாதிப் பிள்ளைகள். உண்டியல் மாதிரிக் காட்டாமல் ஒரு பழைய கடித உறையில் காசை வைத்து நீட்டிய சனசமூக நிலையத்தார். மகளுக்குப் பரீட்சை என்று தெரிந்து தங்கள் வீட்டிலேயே படுக்கவைத்துப் படிப்பித்த ரீச்சர். கோயிலில் அருச்சனை செய்த ஐயர், தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்திய மாமிமார், யாழ்ப்பாணம் சோனகர் தெருவில் மருந்துக் கடன் எழுதி வைத்த நானா. கனடாவிலும் லண்டனிலும் இருந்து காசு அனுப்பியவர்கள், காசு அனுப்ப வசதியில்லாமல் வாட்ஸப்பில் அழுதவர்கள், இரண்டு பகுதிக்கும்.

இன்னொருத்தி. ஒழுங்கைக் கடைசியில் சொந்தக் காணி இல்லாமல் குடியிருக்கும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். கண் தெரியாத என் மாமியைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், குளிக்கவார்த்து, தலைவாரி, நான் திரும்பும்வரை வைத்திருந்தாள். அவளைப் பற்றிக் கீழே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி. இனி ஒருவருக்காக மட்டும் நீட்டி எழுதப் போகிறேன். தன் பேரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் கிணற்றின் மற்றப் பங்காளி என்று எழுதினாலே ஊரில் பாதிப்பேருக்கு விளங்கிவிடும். விளங்கட்டும்.

வெளிநாட்டில் இருந்து வாசிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம். எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் பல பங்குக் கிணறுகள். காணி பிள்ளைகளுக்குப் பிரியும், சீதனமாகப் போகும், விற்றுக் கைமாறும். கிணற்றைப் பிரிக்க முடியாது, அதனால் பங்கைப் பிரிப்பார்கள். காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் சேர்த்தே எழுதியிருக்கும். யாருக்கு எந்த நாள் என்று முறை வைத்து இறைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வருசம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரியில் பெய்வது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, மிச்ச மாதங்களுக்கு அதுதான் எங்கள் குளம், ஆறு எல்லாம். அடியில் உவர் நீர் இருக்கிறது. கண்டபாட்டுக்கு இழுத்தால் அது மேலே வந்துவிடும். ஆகவே முறை என்பது மரியாதைக்கு வைத்த ஏற்பாடு இல்லை, அதை மீறினால் எல்லோருடைய தோட்டமும் போய்விடும்.

எங்கள் கிணற்றுக்கு உறுதிப்படி ஐந்து பங்காளிகள். இருவர் கனடாவில். ஒருவர் எங்கே என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மிச்சம் அந்த ஐயாவும் நாங்களும்தான்.

ஐயாவைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், சிரித்துக் கதைக்கிற ஆள் இல்லை. தண்ணீர் இறைக்கிற மிசின் கொட்டிலில் ஒரு மணிக்கூடு மாட்டி வைத்திருக்கிறார். எங்கள் முறை ஐந்து நிமிசம் கூடிவிட்டால் வரம்பில் வந்து நின்று செருமுவார். வாய் திறக்க மாட்டார், செருமல் மட்டும்தான். என் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பேரை இங்கே எழுத முடியாது. ஒவ்வொரு இறைப்பையும் ஒரு கொப்பியில் குறித்து வைப்பார் என்று தெரியும். எங்களைப் பிடிக்கத்தான் எழுதுகிறார் என்று இவர் பகிடியாகச் சொல்வார். இத்தனை வருசத்தில் அவருடைய வீட்டுத் திண்ணையில் நான் இருந்ததில்லை.

அந்த நேரம் எங்கள் தறையில் வெங்காயம் நின்றது. அடியில் பருக்கத் தொடங்கிய கட்டம். சோழகம் அடித்துக்கொண்டிருந்தது. செம்பாட்டு மண்ணில் தோட்டம் செய்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அந்தக் காற்றில் மூன்றாம் நாளே பாத்தி பொரிந்துவிடும். செவ்வாயும் சனியும் எங்கள் முறை. நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். வெங்காயத்தை நான் மனசால் கைகழுவிவிட்டேன். விதை வெங்காயம் வாங்கிய கடன் ஒன்று இருந்தது, அதை நினைத்தால் வயிறு பற்றும், அதனால் நினைக்கவில்லை.

ஒரு பின்னேரம் மாற்றுடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். இருட்டிவிட்டது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தோட்டத்துப் பக்கம் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன், ஆனாலும் கால் போய்விட்டது. கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தால், பாத்தி கறுத்துக் கிடக்கிறது. குனிந்து கையை வைத்தேன், ஈரம். தாள் ஒன்றுகூடச் சாயவில்லை. முதலில் தோன்றியது, இவர்தான் வந்து இறைத்துவிட்டுப் போனார் என்று. அந்த அளவுக்கு என் புத்தி கலங்கியிருந்தது. பிறகு வாய்க்காலைப் பார்த்தேன். தண்ணீர் மாறும்போது இவர் பழைய யூரியாச் சாக்கைச் சுருட்டி அடைப்பார். அங்கே வாழைச்சருகை மடித்து வைத்து, மேலே சேற்றை அள்ளி, உள்ளங்கையால் மட்டமாகத் தட்டி மடை கட்டியிருந்தது. விரல் அடையாளம்கூடக் காயவில்லை. பழைய ஆட்களின் கைவேலை. எங்கள் மிசின் கொட்டில் பூட்டு பூட்டியபடி இருந்தது. வரம்பின் மேல் சைக்கிள் சில்லுத் தடம். ஆக, யாரோ தங்கள் மிசினை சைக்கிளில் கட்டி உருட்டிவந்து, தங்கள் எண்ணெயை ஊற்றி இறைத்திருக்கிறார்கள்.

அவராக இருக்கும் என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை. ஏனென்று சொல்கிறேன். முறைகாரர் வராவிட்டால் அந்தத் தண்ணீரை மற்றப் பங்காளி தன் தோட்டத்துக்கு எடுக்கலாம். அதில் கள்ளம் ஒன்றுமில்லை, பழைய வழக்கம். அவருடைய பயித்தங்கொடி அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்தது. கிணறும் வற்றி வந்தது. யாராக இருந்தாலும் அந்தத் தண்ணீரைத் தன் கொடிக்குத்தான் கட்டியிருப்பார்கள்.

அடுத்த நாள் விடிய முதல் பஸ்ஸுக்குப் போகுமுன் அவரிடம் போனேன். மாட்டுக்குக் கஞ்சித் தண்ணி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்கட தறைக்கு நீங்களோ இறைச்சனீங்கள்?"

"ஓம். செவ்வாய்க்கிழமை உங்கட முறை எல்லோ."

அவ்வளவுதான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எண்ணெய்க் காசு எவ்வளவு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ தெரியாது, வேறு வார்த்தை வரவில்லை.

"அவன் வரட்டும், பாப்பம்" என்றார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "கஞ்சி குடிக்கிறானோ?" என்று கேட்டார். குடிக்கிறார் என்றேன். "அப்ப சரி. பஸ் வருது, ஓடு பிள்ளை."

இவர் வந்த பிறகு, தேங்காயும் பழமும் கொண்டு நானும் மகனும் முறையாகப் போனோம். இந்தத் தரம் திண்ணையில் இருக்கச் சொன்னார். காசை எடுத்து வைத்தேன். உள்ளே போய் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்தார். எங்களுக்குப் பயமூட்டிய அதே கொப்பி. விரித்து என் பக்கம் திருப்பினார். செவ்வாய், சனி, செவ்வாய் என்று ஒவ்வொரு முறையும் எங்கள் பக்கத்தில், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு நிறுத்தியது என்று எழுதியிருந்தது. தலைப்பில் என் மாமனாரின் பேர். மாமனார் 1990 ஆனியில் இந்தக் காணியை விட்டு ஓடியவர். ஆமி பிடித்து வைத்திருந்த காணி விடுபடுமுன் முகாமிலேயே கண்ணை மூடிவிட்டார். அவருடைய பேரில்தான் ஐயா இன்னும் எங்கள் முறையைக் குறித்து வருகிறார். மகன் அதை ஒருதரம் தொட்டுப் பார்த்தான்.

காசுக்கு என்று ஒரு நிரல் இருந்தது. அது வெறுமையாக இருந்தது.

பக்கத்தைப் புரட்டும்போது அவருடைய சொந்த முறை நாள் ஒன்று கண்ணில் பட்டது. வியாழக்கிழமை. நேரம் எழுதும் இடத்தில் நேரம் இல்லை. "தண்ணி காணாது. வெங்காயத்துக்கு விட்டது" என்று மட்டும் எழுதியிருந்தது. முதல் செவ்வாய் கிணறு ஊறாமல் எங்கள் தறையில் பாதிதான் நனைந்திருக்கிறது. மிச்சப் பாதிக்குத் தன் வியாழனைத் தந்திருக்கிறார். திரும்பி வரும் வழியில் அவருடைய பயித்தங்கொடியைப் பார்த்தேன். மேற்குக் கரையோடு ஒரு நிரை மஞ்சளாகிப் பூவுதிர்ந்து நின்றது. அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நான் கண்டதை அவர் கண்டார், உடனே மாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

மகன் மட்டும் விடாமல் கேட்டான், "ஏன் அப்பு உங்கட தோட்டத்துக்கு எடுக்கேல்லை?" என்று. அவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "முறை உங்கடை. நான் எடுத்தா அவன் வந்து கொப்பியைப் பாத்து என்ன நினைப்பான்?" என்றார்.

இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. மனிதர் இரக்கப்பட்டுச் செய்தார் என்று சொன்னால் அவருக்கே பிடிக்காது. ஐந்து நிமிசம் கூடினால் செருமுகிற அதே கண்டிப்போடுதான், நாங்கள் இல்லாத நாளிலும் எங்கள் பங்கை எங்கள் மண்ணுக்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

நான் இந்த ஊரில் பிறந்தவள் இல்லை. முத்தையன்கட்டுப் பக்கம். குளத்து வாய்க்காலில் வயல் விதைத்த குடும்பம். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என்னை வன்னிக்காரி என்றுதான் சொன்னார்கள், இன்றைக்கும் சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் கோபமில்லை. உண்மையில் இங்கே பாதிப்பேர் ஊருக்குப் புதியவர்கள்தான். தொண்ணூறில் குழந்தையாகப் போனவர்கள் தலைநரைத்து வந்திருக்கிறார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு எங்கள் ஒழுங்கை அப்பா சொன்ன கதை. நாங்கள் முதன்முதல் வந்தபோது மிதிவெடி எடுத்த இடத்தைக் காட்டும் தடிகள் இன்னும் நட்டபடி இருந்தன. கிணறு முழுக்க இடிந்த வீட்டுக் கல்லும் விளாத்தி வேரும். வடக்கே இன்னும் விடுபடாத காணிகளும் இருக்கின்றன, அதன் சொந்தக்காரர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் முதலில் செய்த வேலை மதில் கட்டியது. களவுக்குப் பயம், பழக்கமில்லாத முகத்துக்குப் பயம். கிடுகு வேலி என்றால் பொட்டுக்குள்ளால் ஒரு கிண்ணம் குழம்பு போய்வரும். ஆறடிக் கல் மதிலுக்கு மேலால் என்ன போகும்?

சமூக ஒருங்கிணைவு என்று பேர் வைத்த கருத்தரங்குகளுக்கும் போயிருக்கிறேன். வட்டமாக நின்று பலூன் ஊதி, நூல்பந்தை ஆளுக்காள் எறிந்து, பெரிய கடதாசியில் கலர் பேனையால் எழுதி ஒட்டினோம். என்னோடு நூலைப் பிடித்தவர் யார் என்று இன்று கேட்டால் தெரியாது. சோத்துப் பார்சல் நல்லாயிருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்காக, அந்தக் காலத்தில் ஊர் எவ்வளவு ஒற்றுமை என்று பெருமூச்சு விடுபவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், தண்ணீர் மாற ஒருவர் என்று ஆள் தேவைப்பட்ட காலம்தான், அயலோடு பகைத்துக்கொண்டு தோட்டம் செய்ய முடியாத காலம்தான். ஆனால் அதே கிணற்றுக் கட்டில் சாதியைச் சொல்லிக் கால்வைக்க விடாமல், யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்கவைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். இங்கிருந்து கூப்பிடுதூரத்தில் மாவிட்டபுரம். கோயிலுக்குள் போகவிடு என்று கேட்டு 1968 இல் அந்த வாசலில் சனம் நின்றது. அதை மறந்துவிட்டுப் பழைய ஒற்றுமையைப் பற்றிப் பாட்டுப் பாடக்கூடாது. காணி விடுபட்டபோதும் உறுதி கையில் இருந்தவர்கள் வீட்டுத்திட்டத்துக்குப் பதிந்தார்கள். உறுதியே இல்லாதவர்கள் எங்கே திரும்புவது? என் மாமியைக் குளிக்கவார்த்தவள் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை. தினமும் தெருக்குழாயில் வாளியோடு நிற்பாள். குழாயில் தண்ணீர் வராத நாளில் எங்கள் படலையடியில் வந்து நின்று, "அக்கா, ஒரு குடம் அள்ளலாமோ?" என்று கேட்பாள். ஓம் என்பேன். படலையைத் தாண்டி அவளாக வந்ததில்லை.

மாமி ஒன்று அடிக்கடி சொல்வார். 1995 ஐப்பசி (ஒக்டோபர்) முப்பதாம் திகதி இரவு, சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க ஒரே றோட்டில் நாவற்குழிப் பாலத்துக்கு நடந்தபோது, மழையில் நனைந்து மீசாலையில் ஒரு வீட்டு முற்றத்தில் ஏறி நின்றார்களாம். வீட்டுக்காரி யார், எவர், எந்தப் பகுதி என்று ஒன்றும் கேட்கவில்லையாம். "அடுப்பு மூண்டுதான் இருக்கு, முறை வைச்சுச் சமையுங்கோ" என்றாளாம். அங்கே இருபதுபேருக்கு மேல் மாதக்கணக்கில் இருந்தார்கள். மாமி அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லவேயில்லை என்று இன்றைக்கும் கவலைப்படுவார். நான் இந்த மடலை எழுத அதுவும் ஒரு காரணம். நன்றி பிந்தினால் சொல்ல ஆள் இருக்காது.

ஆகவே இரண்டு விசயம் சொல்லிவிடுகிறேன். இதை நேர்த்தி என்று எடுத்தாலும் சரி. ஒன்று, எங்கள் கிணற்றில் பங்குள்ள யார் ஆஸ்பத்திரியிலோ செத்தவீட்டிலோ நின்றாலும் அவர்களுடைய முறை அவர்களுடைய தோட்டத்துக்குத்தான். இறைப்பது எங்கள் வேலை. ஐயாவுக்கு வயது போகிறது, இனிக் கொப்பியை என் மகன் எழுதுவான். ஐயா இரண்டு நாளாக அவனைப் பக்கத்தில் வைத்துக் கையெழுத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் பங்காளிகளுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பக்கங்கள் கொப்பியில் அப்படியே இருக்கின்றன, யாரும் கிழிக்கவில்லை. ஆவணியில் கிணறு கலக்கிச் சேறு அள்ளப் போகிறோம். வர முடிந்தால் வாருங்கள், முடியாவிட்டால் ஆள்கூலி அனுப்புங்கள். கரையில் நின்று வீடியோ எடுத்து அனுப்ப என் மகள் தயார்.

மற்றது, ஒழுங்கைக் கடைசி வீட்டுக்காரர் இனிக் கேட்டு நிற்க வேண்டாம். படலை கொளுவி மட்டும்தான், பூட்டு இல்லை. நேரே வந்து அள்ளுங்கள். ஐயாவிடம் இதைக் கேட்கப் பயந்து பயந்துதான் போனேன். "தோட்டத்துக்குத்தான் முறை. குடிக்கிற தண்ணிக்கு என்ன முறை?" என்று என்னையே பேசிவிட்டு, கப்பிக்குப் புதுக் கயிறு வேண்டும் என்றார். கயிறு வாங்கியாயிற்று. இதில் முகம் சுளிக்கிற ஒன்றிரண்டு பேர் இருப்பீர்கள் என்று தெரியும். நீங்களும் எங்களுக்குச் சாப்பாடு தந்தவர்கள்தான், உங்களுக்கும் நன்றி. ஆனால் படலை பூட்டப்பட மாட்டாது.

வெங்காயம் கிண்டியாயிற்று. நாங்கள் எதிர்பார்த்ததைவிட நல்ல திரட்சி. பிடி பிடியாகக் கட்டித் தலைவாசலில் தொங்கவிட்டிருக்கிறோம். உதவிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிடி இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் வந்தால் இவரையும் பார்த்துக்கொண்டு போகலாம், ஆனால் அதிகநேரம் கதைக்கவிடாதீர்கள், வைத்தியர் வேண்டாம் என்றவர். வர இயலாதவர்களுக்கு மகன் சைக்கிளில் கொண்டுவருவான்.

வரும்போது உங்கள் பாத்திரங்களையும் தேடி எடுங்கள். சோறும் கறியும் வந்த ஏதனங்கள் குசினி முழுக்க அடுக்கி இருக்கின்றன, எது யாருடையது என்று எனக்கு மட்டுமல்ல, மாமிக்கும் தெரியவில்லை. ஒரு கைபிடி ஆடுகிற அலுமினியச் சட்டி, நீல மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா இரண்டு, அடியில் எழுத்து வெட்டிய எவர்சில்வர் தூக்குச்சட்டி. எழுத்து தேய்ந்துவிட்டது, "க" மாதிரியும் இருக்கிறது, "சு" மாதிரியும் இருக்கிறது. மீன்குழம்பு வந்த சட்டி யாருடையதோ அவர் கட்டாயம் வர வேண்டும். அந்தக் குழம்புக்குப் புளி எவ்வளவு விட்டீர்கள் என்று இவர் கேட்கச் சொன்னார்.